கண்ணாடிக்கு உள்ளே உங்கள் தங்கை, வெளியே நான்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து, மச்சான் அவர்களுக்கு எழுதுவது.

வணக்கம். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன். முதல் சொல் பொய்யாகிவிடும் என்பதால் அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், உங்கள் வீட்டு அக்காவுக்குக் கண் ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை தெளிந்து, நீங்கள் பேப்பருக்குப் பின்னால் தூங்குவதை அவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள் என்றும் நம்புகிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நீங்கள் போனை எடுத்து ஒரு 'ம்' சொல்வீர்கள். நான் பூர்வாங்கத்தை முடித்து விஷயத்துக்கு வருவதற்குள் இன்னொரு 'ம்' சொல்லிப் போனை வைத்துவிடுவீர்கள். உங்கள் குடும்பத்தில் எல்லோரும் வார்த்தைக்கு வரி கட்டுகிறவர்கள் மாதிரிதான் பேசுவீர்கள். தவிர, எனக்கே இப்போது போன் என்றால் நம்பிக்கை போய்விட்டது. ஏன் என்பது போகப் போகத் தெரியும். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் தங்கை கால் புண்ணுக்கான சிகிச்சையை நடுவில் நிறுத்திவிட்டாள். இப்படியே விட்டால் பாதத்தில் பாதியை எடுக்கவேண்டி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் சொன்னால் அவள் கேட்கமாட்டாள். அண்ணன் வந்து சொன்னால் கேட்பாள். இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு வரவேண்டும்.

பொத்தானில் ஆரம்பித்தது இது. அவள் தையல் மெஷினில் உட்கார்ந்தால் சுற்றிலும் பொத்தான் இறைந்து கிடக்கும், உங்களுக்குத் தெரியும். அதில் ஒன்று, சட்டைக் கழுத்துக்கு வைக்கிற பொடிப் பொத்தான், அவளுடைய செருப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சர்க்கரையில் மரத்துப்போன கால் ஆயிற்றே, அவளுக்கு உறைக்கவில்லை. அதோடு கடைக்குப் போய், வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் அளவெடுத்து, திரும்பி வந்து சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் பொத்தான் செருப்போடு வராமல் காலோடு வந்தது. சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு குழி. "என்னம்மா இது?" என்று பதறினேன். "பொத்தான்" என்றாள். அவ்வளவுதான் அவளுடைய வாக்குமூலம். பிறகு கீறிச் சுத்தம் செய்தார்கள், மருந்து வைத்துக் கட்டினார்கள், ஊசி போட்டார்கள், மாத்திரை மாற்றினார்கள். மற்றவர்களுக்குப் பத்து நாளில் ஆறுகிற புண் மாதக்கணக்கில் வாயைத் திறந்தபடியே இருந்தது. எங்கள் வீட்டில் வாயை மூடாதது இப்போது இரண்டாகிவிட்டது என்று கட்டுப்போடும் நர்ஸிடம் உங்கள் தங்கை சொன்னாளாம். அவளுக்கும் வேடிக்கையாகப் பேச வரும், மச்சான். ஊராரிடம்தான் வரும்.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியின் புண் டாக்டரிடம் போனோம். அவர் பொறுமையாகச் சொன்னார். "இவங்களுக்குக் கால்ல ரத்த ஓட்டம் குறைஞ்சுபோச்சு சார். புண் ஆறணும்னா அந்த இடத்துக்கு ஆக்ஸிஜன் போய்ச் சேரணும். ஒரு சேம்பருக்குள்ள படுக்க வச்சு, உள்ள அழுத்தத்தை ஏத்தி, சுத்தமான ஆக்ஸிஜனைச் சுவாசிக்க வைப்போம். அது ரத்தத்துல கூடுதலா கரைஞ்சு கால் வரைக்கும் போகும். மருந்து, கட்டு, சர்க்கரைக் கட்டுப்பாடு எல்லாம் கூடவே நடக்கணும். வாரக்கணக்குல தினமும் வரணும், நடுவுல விடக்கூடாது." கட்டாயம் ஆறிவிடுமா என்று கேட்டேன். "பல பேருக்கு உதவியிருக்கு. சத்தியமெல்லாம் பண்ணமாட்டேன்" என்றார். சத்தியம் பண்ணாத டாக்டர் என்பதால் எனக்கு அவர்மேல் உடனே மரியாதை வந்தது.

சேம்பர் என்பது ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்குக் கண்ணாடிப் பீப்பாய். தட்டில் படுக்க வைத்து உள்ளே தள்ளிக் கதவைத் திருகி மூடுவார்கள். முகத்துக்கு மேலே ஒரு முழத்தில் கண்ணாடி. அதற்குள் போவதற்கு இருக்கிற கட்டுப்பாடு கோட்டைக்குள் போவதற்குக்கூட இருக்காது. பருத்தித் துணி தவிர வேறெதுவும் ஆகாது, எண்ணெய் ஆகாது, பவுடர் ஆகாது, வளையல், வாட்ச், போன் எதுவும் ஆகாது. அத்தனை ஆக்ஸிஜனில் ஒரு பொறி பட்டால் போதும் என்று அதை இயக்குகிற ஆபரேட்டரம்மா சொன்னார். முதல் நாள் தலையில் எண்ணெய் என்று திருப்பி அனுப்பினார்கள். போகிற இடத்துக்குப் பளிச்சென்று போகட்டுமே என்று வாரிவிட்டவன் நான். மறுநாள் தலைக்குக் குளிப்பாட்டி அழைத்துப்போனேன். குளிருமே என்று நான் புதிதாக வாங்கிக் கொடுத்த போர்வை நைலான் கலந்தது, அதற்காக ஒரு மணி நேரம் தாமதம். அதற்கும் மறுநாள், உதடு வறண்டிருக்கிறதே என்று வாசலில் வைத்துக் கொஞ்சம் களிம்பு தடவிவிட்டேன். ஆபரேட்டரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "சார், நீங்க உதவி பண்ணாம இருந்தா அவங்களுக்குச் சீக்கிரம் குணமாயிடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது இப்போது புரிகிறது.

இனிமேல்தான் போன் வருகிறது. சேம்பரின் பக்கவாட்டில் ஒரு ரிசீவர் தொங்கும். வெளியே இருக்கிற சொந்தக்காரர் அதில் பேசினால் உள்ளே ஸ்பீக்கரில் கேட்கும், படுத்திருப்பவருக்குப் பொழுதுபோகும். ஆபரேட்டரம்மாவுக்குத் தனி மைக். முப்பது வருஷம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவன் கையில் அந்த ரிசீவரைக் கொடுத்தால் என்ன ஆகும்? குரங்கு கையில் பூமாலை என்று முணுமுணுக்காதீர்கள், எனக்குக் கேட்கிறது. நான் அதைப் பிடித்த பிடியில் மற்றவர்கள் பக்கத்தில் வரவில்லை. அழுத்தம் ஏறத் தொடங்கியதும், "பயணிகள் கவனிக்கவும், வண்டி புறப்படுகிறது, கை கால்களை வெளியே நீட்ட வேண்டாம்" என்று ஆரம்பிப்பேன். அழுத்தம் ஏறும்போது காது அடைக்கும், எச்சில் விழுங்கவேண்டும், கொட்டாவி விடவேண்டும். அவள் மறந்துவிடக்கூடாதே என்று நான் வெளியே வாயைப் பிளந்து பிளந்து கொட்டாவி விட்டுக் காட்டுவேன். அவளும் உள்ளே விடுவாள். அதைப் பார்த்து வரிசையில் காத்திருக்கிறவர்கள் எல்லோரும் விடுவார்கள். ஒருநாள் ஆபரேட்டரம்மாவே விட்டார். என்னால் அந்த இடம் முழுக்கக் காது திறந்தது.

தினமும் இரண்டு மணி நேரம் பேசினேன், மச்சான். நடைமேடை மாற்றிச் சொல்லி ஒரு கல்யாண கோஷ்டியையே வேறு ஊருக்கு அனுப்பிய கதை, மாடிவீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டி கழுவியபோது உள்ளேயே மாட்டிக்கொண்ட கதை, இன்றைய பேப்பரில் என்ன, நாளைக்கு மழை வருமா, எல்லாம். அவள் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். சிரிப்பாள், தலையாட்டுவாள். சிரிக்கவேண்டிய இடத்தில் சும்மா இருப்பாள், துக்கமான இடத்தில் சிரிப்பாள். உங்கள் வீட்டுச் சுபாவம் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டில் நான் வாயைத் திறந்தால் சமையலறைக்குப் போய்விடுகிறவள் இரண்டு மணி நேரம் அசையாமல் கேட்கிறாளே என்று எனக்கு ஒரே பெருமை. எங்கே போவாள், கதவைத் திருகி மூடியிருக்கிறார்களே என்று தோன்றுகிற புத்தி அப்போது இல்லை.

ஒருநாள் அவள் உள்ளே போனபிறகு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஓரங்கள்ல நல்ல சதை வர ஆரம்பிச்சிருக்கு. ஆனா சுண்டுவிரல் பக்கம் எனக்குத் திருப்தியில்லை. இந்த வேகம் குறைஞ்சா முன்பாதத்தையே எடுக்கவேண்டி வரலாம். அவங்ககிட்ட நீங்க பக்குவமா சொல்லுங்க" என்றார். பக்குவமாகச் சொல்ல எனக்கு என்ன தெரியும்? திரும்பி வந்து ரிசீவரை எடுத்தேன். டாக்டர் சொன்னதைச் சொல்ல வாய் வரவில்லை. வேறு என்னென்னவோ வந்தது. "எனக்குப் பயமா இருக்கு. டீ வடிகட்டி எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. நீ நடக்கிற சத்தம் கேட்டுத்தான் நான் காலையில எழுந்திருக்கிறேன். உன் காலு உனக்கு மட்டும் காலில்லை" என்றெல்லாம் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை அவளிடம் பேசியதில்லை. இனிமேல் பேசவும் வராது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் அவள் உள்ளே இருந்து சிரித்துக்கொண்டே கையை ஆட்டுகிறாள்! என்ன திடம், என்ன தைரியம் என்று நினைத்தேன். அன்று முழுவதும் ஆஸ்பத்திரியில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவள் தைரியத்தைப் புகழ்ந்து தள்ளினேன்.

நாலைந்து நாள் கழித்து, பக்கத்துச் சேம்பரில் கணவரைப் படுக்க வைத்துவிட்டு ஓர் அம்மாள் ரிசீவரை எடுத்தார். ஆபரேட்டரம்மா எட்டி ஒரு சுவிட்சைப் போட்டார். சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. நான் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். எங்கள் விளக்கு எரியவில்லை. "பல்பு போயிடுச்சா?" என்று கேட்டேன். ஆபரேட்டரம்மா என் முகத்தைப் பார்க்காமல், "இல்லை சார்... உங்க வீட்டம்மா முதல் நாளே ஆஃப் பண்ணிடச் சொல்லிட்டாங்க" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். "அதான் சொன்னேனே சார், முதல் நாளே." பேருந்து நிலையத்தில் மைக்கை ஒருமுறை தட்டிப் பார்க்காமல் நான் பேசியதே கிடையாது. கட்டிய மனைவியிடம் பேசும்போது தட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். செவிடனாவது சங்கைக் கேட்கமாட்டேன் என்று ஆபரேட்டரிடம் சொல்லி வைப்பதில்லை.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ரிசீவரை மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கதை இல்லை, கையசைப்பு இல்லை. வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அவள், "என்ன?" என்றாள். "ஒண்ணுமில்லை" என்றேன். மறுநாள் சேம்பருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்தேன். அமைதிதானே கேட்டாய், வேண்டிய மட்டும் எடுத்துக்கொள் என்று எனக்குள் ஒரு வீம்பு. கொட்டாவிகூட விடவில்லை. பாதி நேரம் போயிருக்கும், அவள் கண்ணாடியைத் தட்டினாள். ஆபரேட்டரம்மா மைக்கில் கேட்டார், மூச்சு முட்டுகிறது என்றாளாம். உடனே திறக்கமுடியாது, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்கவேண்டும். அத்தனை நேரமும் அவள் என்னையே பார்த்தாள், நான் எழுந்து கிட்டே போய் நின்றேன், என்ன செய்வது என்று தெரியவில்லை. வெளியே வந்தவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனிமே நான் உள்ள போகமாட்டேன்" என்றாள்.

அன்றிலிருந்து போகவில்லை, மச்சான். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "போய் என்ன ஆகப்போகுது?" என்றாள். என்னைக் குத்திக்காட்டுகிறாள் என்று நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சுவிட்ச் விஷயம் எனக்குத் தெரிந்துபோனது என்று அவளுக்கு நான் சொல்லவில்லை, ஆபரேட்டரம்மா சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அவள் பேசுகிறவள் இல்லை, நானும் நிறுத்திவிட்டேன், வீட்டில் தையல் மெஷின் மட்டும்தான் பேசுகிறது. வாசலில் கீரை விற்கிறவர், "சார் ஊருக்குப் போயிட்டாரா?" என்று என் முன்னாலேயே அவளிடம் விசாரிக்கிறார். நேற்று கட்டு மாற்றப் போனபோது நர்ஸ் புண்ணைப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர், "ஏன் விட்டீங்க?" என்று என்னைத்தான் கேட்டார். எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது, சொல்ல வெட்கமாக இருந்தது. மூக்கறுபட்டது எனக்கு, கால் போவது அவளுக்கா? என் ரோஷத்தை அவள் பாதத்தின் மேல் வைத்துவிட்டேன். அவள் கேட்காவிட்டால் என்ன, நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டு கிடந்திருக்கலாம். பேருந்து நிலையத்தில் மட்டும் யார் கேட்டார்கள்? அத்தனையும் சொல்லி முடித்த பிறகுதான் ஆளாளுக்கு ஜன்னலில் வந்து, "வண்டி எப்ப சார்?" என்பார்கள். அதற்காக ஒருநாளாவது கோபித்துக்கொண்டேனா?

ஆகவே நீங்கள் வந்து, அண்ணன் என்ற முறையில் நாலு வார்த்தை, உங்களால் நாலு முடியாவிட்டால் இரண்டு, சொல்லி அவளை மறுபடியும் உள்ளே அனுப்பவேண்டும். நான் வேண்டுமானால் ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் இருக்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி. எல்லோரும் கால் நோகாமல் நெடுங்காலம் நடக்கவேண்டும் என்று வாழ்த்தும்,

தங்கள் தங்கையின் வீட்டுக்காரன்.

பி.கு.: நீங்கள் வரவேண்டாம். டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்துவிடவும்.

மேலே உள்ளதை எழுதி முடித்து உறையில் உங்கள் விலாசத்தை எழுதிக்கொண்டிருந்தேன். உங்கள் தங்கை பின்னால் வந்து நின்று, "யாருக்கு?" என்றாள். உங்களுக்கு என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ எடுக்கறதுன்னு முடிவாயிடுச்சா?" என்றாள்.

"எதை?"

"காலை. அண்ணனுக்கே எழுதறீங்களே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளை உட்கார வைத்தேன். பிறகு அவள் பேசினாள், மச்சான். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "நீங்க பேசாம இருந்து நான் பார்த்ததே இல்லை. ஜுரத்துலகூடப் பேசுவீங்க. அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்ததும், டாக்டர் கையை விரிச்சுட்டார், என்கிட்ட சொல்லமுடியாமத்தான் இப்படி உட்கார்ந்திருக்கீங்கன்னு நினைச்சேன். எப்படியும் வெட்டப்போற காலுக்கு எதுக்கு தினமும் அந்த டப்பாவுக்குள்ள போய்ப் படுக்கணும்?"

நான் சுவிட்சைப் பற்றிச் சொன்னேன். பச்சை விளக்கைப் பற்றிச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"சத்தத்தைத்தானே நிறுத்தச் சொன்னேன். உங்களையா நிறுத்தச் சொன்னேன்? அந்த ஸ்பீக்கர் காதுகிட்டயே இருக்கு, இரையுது. உங்க வாய் அசையறது தெரிஞ்சா போதும், வெளியில எல்லாம் சரியா இருக்குன்னு நான் பாட்டுக்குப் படுத்திருப்பேன்."

அதற்குமேல் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. டாக்டர் சொன்னதை உள்ளபடியே, ஒரே வாக்கியத்தில், சொல்லிவிட்டேன். முன்னுரை இல்லாமல் நான் பேசிய முதல் விஷயம் அதுதான். அவள் காலைப் பார்த்தாள். "இன்னும் முடிவாகலை இல்ல? அப்போ கிளம்புங்க" என்று பருத்திப் புடவையை எடுத்துக்கொண்டாள். போனோம். படுத்தாள். நான் பேசினேன், விளக்கு எரியவில்லை, அவள் சிரித்தாள்.

வெளியே வந்தபிறகு டாக்டர் பார்த்தார். பாதத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்புகிறார். சுண்டுவிரலை எடுத்துத்தான் ஆகவேண்டுமாம். நாங்கள் விட்ட நாட்களால்தானா என்று கேட்டேன். அப்படி அறுதியிட்டுச் சொல்லமுடியாது என்றார். அவர் சொல்லாவிட்டால் என்ன, எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவள்தான், "ஒரு விரல்தானே போகுது, மெஷின் மிதிக்கறதுக்கு அது எதுக்கு?" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல எனக்குத்தான் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து டீ குடிக்கும்போது கேட்டாள், "ஒருநாள் அழுதுகிட்டே பேசினீங்களே, கோமாளித்தனம் பண்றீங்கன்னு நினைச்சு நான் கையாட்டினேன். அன்னிக்கு என்ன சொன்னீங்க?" நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கேட்கிறேன், சொல்லுங்கள் என்று உங்கள் தங்கை என் எதிரே உட்கார்ந்தது வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை, மச்சான். மாடிவீட்டுக்காரர் தொட்டிக்குள் மாட்டிக்கொண்ட கதை என்று சொல்லிவிட்டேன்.

அவள் நம்பவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தவள் போகிற போக்கில், "சரி, நாளைக்கு நான் உள்ள படுத்ததும் சொல்லுங்க. சுவிட்சைப் போடச் சொல்றேன்" என்றாள்.

நாளைக்கு ரிசீவரை எடுத்ததும் முதலில் ஒருமுறை தட்டிப் பார்க்கவேண்டும்.